எர்ணாவூர் வாளிகள்



2017 ஜனவரி 28, விடியும் முன். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் அலையில் கலந்து தார்போலக் கெட்டியாகி, எர்ணாவூர் பாரதியார் நகரில் வந்து ஒதுங்கியது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் இடையே அது தேங்கி நின்றது. உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழம்பை இழுக்க அவற்றால் முடியவில்லை. அப்புறம்தான் வாளி வந்தது.

மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர் கூட்டம் கலைந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. இங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் கடலோரக் காவல் படையினரோடு வரிசையில் நின்று, கைக்குக் கை வாளி மாற்றினார்கள். பலருக்கு முதல் நாட்களில் சரியான கையுறைகூட இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஓடிவந்து தோள் கொடுத்தவர்கள் இளையவர்கள். ஆனால் ஊரைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை. இது என்னை உறுத்துகிறது.

வழி இல்லாமல் இல்லை. 2022 நவம்பர் 1 முதல் நம் நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபைபோல, வாக்காளர்கள் கவுன்சிலரைக் கேள்வி கேட்கும் இடம் அது. ஆனால் 17 வயதுப் பெண்ணுக்கு வாக்கில்லை. அப்பாவோடு ஃபைபர் படகில் முகத்துவாரம் வரை போய்வரும் பையனுக்கும் இல்லை. ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எந்த இடத்தில் ஆழம் குறைந்தது என்பது அவனுக்குத்தான் கால் கணக்கில் தெரியும்.

கர்நாடகத்தில் ஊராட்சிதோறும் ‘மக்கள கிராம சபை’ நடத்துகிறார்கள். கன்னடத்தில் மக்களு என்றால் குழந்தைகள். தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. மக்கட்பேறு என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே பிள்ளைகள் எழுந்து, பள்ளிக்குப் போகிற வழியில் விளக்கு எரியவில்லை என்கிறார்கள். ஊராட்சித் தலைவர் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்.

எர்ணாவூர் அடங்கிய திருவொற்றியூர் மண்டலத்தின் 14 வார்டுகளில் இதைத் தொடங்கலாம். பதினான்கு வயதிலிருந்து இருபத்தொன்று வரை உள்ளவர்களின் இளையோர் மன்றம். அதில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் எழுதித் தரும் தீர்மானத்துக்கு அடுத்த பகுதி சபையில் கவுன்சிலர் எழுத்தில் பதில் தர வேண்டும். அவர்களே செலவு செய்து கணக்குக் காட்ட ஒரு சிறு தொகையும் வேண்டும். பதிலும் பணமும் இல்லாத மன்றத்தில், ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடும் வேலைதான் மிஞ்சும்.

அந்த மன்றத்தின் முதல் கூட்டத்தில் என்ன கேட்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். வார்டு அலுவலகத்தில் இன்று எத்தனை ஜோடி கையுறை இருப்பில் இருக்கிறது? 2017இல் வாளி தூக்கியவர்களின் தோலையும் நுரையீரலையும் அதன் பிறகு யாராவது பரிசோதித்தார்களா?