பொம்மை வீரனின் தழும்புகள்

கலஹாவிலிருந்து மலைப்பாதையில் இறங்கிப் பேராதனையை அடைந்து, மகாவலி கங்கையைக் கடந்தால் எதிர்ப்படும் கன்னொறுவையிலே, 1638ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் திகதி, கண்டி நகரைக் கொளுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போர்த்துக்கேயச் சேனையை இரண்டாம் இராஜசிங்கனின் படைகள் வளைத்து நிர்மூலமாக்கின. தளபதி தியோகோ டி மெலோவும் அங்கேயே மாண்டார். அந்தச் சேனையின் சிப்பாய் ஒருவனை 54 மில்லிமீற்றர் உயரப் பொம்மையாக மேசைமேல் நிறுத்தி, அவன் கவசத்திலே யுத்தத்தின் சுவடுகளை வர்ணத்தால் தீட்டுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

1893இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கிய காலத்தில், பளபளக்கும் சட்டையும் சிவந்த கன்னமுமே அழகாகக் கருதப்பட்டன. அவர்கள் அணிவகுப்புக்குப் புறப்பட்டவர்கள். நம் வீரனோ போரிலே நிற்பவன்.

பாத்திரம் கழுவும் ஸ்பஞ்சில் ஒரு நுனியைப் பிய்த்து, கரும்பழுப்பு வர்ணத்தில் தோய்த்து, பழைய பத்திரிகைத் தாளில் ஒற்றியெடுத்து, ஈரம் ஏறக்குறைய வற்றிய பின் கவசத்தின் விளிம்பில் மெல்லத் தொட்டால், ஒழுங்கற்ற வடுக்கள் விழும்; தூரிகையால் இட்டாலோ, கை தன்னையறியாமலே ஒழுங்கைத் தேடிவிடும். பிறகு ஒவ்வொரு வடுவின் கீழ்விளிம்பிலும் மயிரிழை போன்றதொரு வெளிர்கோட்டை இடவேண்டும். மேலிருந்து விழும் ஒளி குழியின் கீழுதட்டிலேயே தங்குமாதலால், அந்தக் கோடு இல்லையேல் வடு வெறும் அழுக்காகத் தோன்றுமேயன்றிப் பள்ளமாகத் தோன்றாது.

ஆயினும் எங்கே இடுவது என்பதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. வாள் முதலில் இறங்குவது தோளிலும் தலைக்கவசத்தின் முகட்டிலுமே. முன்னோக்கிப் பாய்கிறவனின் முதுகில் வெட்டுத்தடம் இருக்க நியாயமில்லை. கன்னொறுவையில் வளைக்கப்பட்டவனுக்கோ எத்திசையிலிருந்தும் அடி விழுந்திருக்கும். பித்தளைக் கொக்கியிலே செந்துருவைத் தீட்டுவது பிழை, அதற்குரியது பசுங்களிம்பு. இரத்தத்தைப் பளிச்சென்ற சிவப்பில் தெளிப்போரும் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. உலர்ந்த குருதி கரும்பழுப்பு, அதுவும் ஒரு துளியே போதும். மாண்டவர் மனிதர் என்பதை மறந்து தீட்டிய பொம்மையை என்னால் பார்க்க முடிவதில்லை.

துருவைக் கற்க நமக்குப் புத்தகம் வேண்டியதில்லை. மழையில் ஓரிரவு கிடந்த, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துப் பாருங்கள்: தீட்டிய வாயில் மெல்லிய செம்மை, பிடியோரத்தில் ஆண்டுக்கணக்காய் ஊறிய கறுப்பு, இடையிலே கைபட்டுத் தேய்ந்த வெண்மை. அந்த மூன்று நிறங்களையும் கலந்துகொண்டு தூரிகையை எடுங்கள்.