புதுக்குப்புறம்



தமிழகக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்றொரு சொல் உண்டு. கோயில் முதலியவற்றைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பதற்கென்றே விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரியைப் பேணுவதற்கு விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. கட்டுவது ஒரு செலவு, காப்பது மற்றொரு செலவு என்பதை உணர்ந்திருந்த சமுதாயத்தின் சொற்கள் இவை.

கோயிலுக்கும் ஏரிக்கும் பொருந்திய இம்முறை அங்காடிக்கும் பொருந்துமா? மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. புகாரின் நாளங்காடியைச் சிலம்பு காட்டுகிறது. அவை இன்று பாட்டில் மட்டுமே வாழ்கின்றன. சென்னையும் இவ்வாறே இழந்திருக்கிறது. அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் தீக்கிரையாயிற்று. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அவ்விடத்தில் இரயில் நிலையக் கட்டடம் எழுந்தது.

தீயிடமிருந்து தப்பிய கட்டடத்திற்கும் வேறு பகை உண்டு. அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடுமிடத்தில், கோபுரங்களும் வளைவுகளும் கொண்ட செந்நிறக் கட்டடம் ஒன்று 1897-இல் எழுந்தது. ஸ்மித் என்னும் ஆங்கில மருந்து வணிகருக்காகக் கட்டப்பட்டது அது. 1934-இல் பாரத் காப்பீட்டு நிறுவனம் அதனை வாங்கியது. 1956-இல் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று. 2006-இல் இடிப்பு வேலை தொடங்கியது. மரபுச் சின்னப் பாதுகாப்பு அமைப்பான ‘இன்டாக்’ நீதிமன்றத்தை நாடியது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை இடிக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு கடப்பாரையை நிறுத்தியது. ஆனால் மழையை நிறுத்த எந்தத் தீர்ப்பாலும் ஆகாது. அதன் பின்னும் பல்லாண்டுகள், சுவரில் செடி முளைத்த நிலையிலேயே அக்கட்டடம் நின்றது. தடையாணை இருந்தது; புதுக்குப்புறம் இல்லை.

இங்கே எழும் மறுப்பைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. காப்பீட்டுக் கழகத்தின் பணம் பாலிசிதாரரின் பணம். கணவனை இழந்த ஒருத்திக்குச் சேரவேண்டிய தொகையிலிருந்து கோபுரத்திற்குச் சுண்ணம் பூசுவதா என்ற வினாவில் நியாயம் உண்டு. ஊர் முழுவதும் கண்டு மகிழும் அழகின் செலவை உடைமையாளர் தலையில் மட்டும் சுமத்துவது அறமன்று. அவ்வாறு சுமத்தினால், இடிந்து விழட்டும் எனக் காத்திருப்பதே உடைமையாளருக்கு ஆதாயமாகிவிடும். ஆதலின் பொதுநலனுக்குப் பொதுப்பணமே துணைநிற்க வேண்டும்.

அதற்கு வழிகள் உண்டு. மரபுக் கட்டடத்தின் உடைமையாளர் அவ்விடத்தில் கட்டமுடியாமற்போன பரப்பை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளவோ விற்கவோ மும்பையில் 1995-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. அந்நகரின் கிராஃபோர்டு சந்தை 1869-இல் கட்டி முடிக்கப்பட்டது. மாநகராட்சியே பொறுப்பேற்று அதன் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு, வளர்ந்த வணிகத்திற்குப் புதிய கட்டடங்களைத் துணையாக எழுப்ப முனைந்தது. பழையதைப் பேணுதலும் புதியதைப் பெருக்குதலும் பகையல்ல என்பதற்கு இது சான்று. கடையும் வாடகையும் இருந்தால் கட்டடம் தன் சோற்றைத் தானே ஓரளவு தேடிக்கொள்ளும். தொடக்கத்தில் தாங்குகோல் கொடுப்பதே அரசின் கடமை. அவ்வாறு பொதுப்பணம் பெறும் கட்டடத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கணக்கும் திறந்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் மரபுச் சின்ன ஆணையத்திற்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. சட்டம் வேலி, வேலிக்குள் நீர் பாய்ச்சுவது நிதி.

மேடவாக்கத்தில் 2022-இல் மேம்பாலம் திறக்கப்பட்டபோது, அது இலாபம் தருமா என எவரும் கேட்கவில்லை. நெரிசலில் சிக்கிய மக்களுக்கு அது வேண்டியிருந்தது, பொதுப்பணம் வந்தது. அந்தப் பாலத்தைக் கடந்து அண்ணா சாலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, பாட்டன் காலத்து நகரத்தைக் காட்ட ஒரு கட்டடமேனும் வேண்டாமா? வேண்டும் என்பது விடையானால், அதற்குரிய புதுக்குப்புறத்தை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் அச்சொல் கல்வெட்டிலும் அகராதியிலும் மட்டுமே எஞ்சும்.