மனநோயும் மனிதர் வாழும் இடமும்



வெள்ளிவிழா மேடையில் மனநோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கல்வியைப் பற்றிப் பேச இங்கு அறிஞர் பலர் உளர். நம் தெருக்களில் கதவடைத்து மறைக்கப்படும் இத்துன்பத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆதலின் அதனையே எடுத்துக்கொண்டேன்.

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் எழுந்தோட இயலாமல் 28 பேர் மாண்டனர். எல்லாச் சமயத்தாரும் நம்பிக்கையுடன் நாடிவரும் தர்கா அமைந்த ஊர் அது. சங்கிலி பூட்டிய இடத்தில் ஊரின் புனிதம் உதவவில்லை.

அங்ஙனமாயின் எத்தகைய இடம் நோயைத் தணிக்கும்? ஆப்பிரிக்காவில் ஒருவர் இதனைச் செய்து காட்டினார்.

1950களில் நைஜீரியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. காரதர்ஸ் என்னும் வெள்ளைக்கார மருத்துவர், ஆப்பிரிக்கரின் மனம் மூளையின் முன்பகுதி துண்டிக்கப்பட்ட ஐரோப்பியரின் மனத்தை ஒத்தது என்று எழுதினார். அவருடைய நூலை உலக நலவாழ்வு நிறுவனமே 1953 இல் வெளியிட்டது. ‘இவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

மறு ஆண்டு, நைஜீரியாவின் அபயோகுட்டா நகரில் பிறந்து, இங்கிலாந்தில் மனநோய் மருத்துவம் கற்றுத் திரும்பிய தாமஸ் அடியோய் லாம்போ, தம் நகரை அடுத்த ஆரோ என்னுமிடத்தில் புதுமுறை ஒன்றைத் தொடங்கினார். நோயாளிகளை அவர் மதிலுக்குள் அடைக்கவில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களின் வீடுகளில் வாடகைக்குத் தங்கவைத்தார். ஒவ்வொருவருடனும் உறவினர் ஒருவரேனும் வந்து தங்க வேண்டும். சமைப்பதும், துணி துவைப்பதும், காலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவர் பொறுப்பு. மருந்து முதலிய அக்கால மருத்துவம் அங்கே குறைவின்றி அளிக்கப்பட்டது. பின்னர் நோயாளி ஊருக்குத் திரும்புவார். அங்கே காதில் விழுவது தம் மொழி. உண்பது பழகிய உணவு. செய்வது தெரிந்த வயல்வேலை. ஊரின் ஆட்டமும் வழிபாடும் அவருக்கும் உரியவை. நாட்டு வைத்தியர் சிலரையும் லாம்போ சேர்த்துக்கொண்டார். ஆயினும் சிகிச்சைப் பொறுப்பை மருத்துவர்களே வைத்துக்கொண்டனர். காரதர்ஸின் நூலை வெளியிட்ட அதே நிறுவனத்தில் லாம்போ பின்னாளில் துணைத் தலைமை இயக்குநரானார்!

நம் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அவர்கள் தங்கியது சராசரியாக ஆறு வாரம். காலைப் பூசை, பெருக்குதல், செடிக்கு நீர் வார்த்தல் ஆகியவையே அவர்களது அன்றாடம். நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இது சிறிய ஆய்வு. முழுக் குணமென்று யாரும் மருந்தை நிறுத்திவிடலாகாது.

ஆனால் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு அக்கோயில் எங்ஙனம் ஆறுதல் தரும்? இழிவைப் பண்பாடென்று சுமத்திய ஊரில் மனம் எங்ஙனம் தேறும்? சாவுக்கு அடிக்கப் பணிக்கப்பட்ட பறை வேறு. நம் பிள்ளைகள் தாமே விரும்பி எடுத்து ஆடும் பறை வேறு. நோயாளியைத் தொலைதூரத்தில் கொண்டுபோய் விட்டுவருவதினும், நம் சேரியிலேயே அவருக்கோர் இடம் அமைப்பதே தக்கது என்பது என் துணிபு.

சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மனநல மருத்துவத்தில் சாதி வேற்றுமை காட்டுவதையும் அது தடுக்கிறது. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி அறிவுரை கிடைக்கும்.

இளைஞர்களே! தேறிவரும் ஒருவர் நம் படிப்பகத்தில் நாளிதழ்களை அடுக்கி வைக்கட்டும். பறைப் பயிற்சிக்கு அவரைப் பட்டப்பெயரால் அன்று, சொந்தப் பெயரால் அழையுங்கள். மாதந்தோறும் மாத்திரை வாங்க அவருடன் அரசு மருத்துவமனைக்குச் செல்ல இருவரைச் சங்கம் அமர்த்த வேண்டும். பேருந்துச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பது பற்றிச் செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.