அடுத்த பானைக்கு ஒரு கரண்டி



பாலுக்கு உறை ஊற்றுவது எப்படி என்று பாடம் நடத்த வந்தால் நம் தாய்மார்கள் சிரிப்பார்கள். அந்தப் பாடத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்களே அவர்கள்தாம். ஆனால், நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை ஏன் எடுத்து வைக்கிறோம், அந்தக் கரண்டிக்குள் இருப்பது என்ன, அது கெட்டுப்போகாமல் காப்பது எப்படி என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்கத்தான் செய்வோம். வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டால், "கிருமி என்றால் நோய்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். கை கழுவும் பாடத்துக்கு அந்த விடை சரி. அடுப்பங்கரைக்கு அது பாதி உண்மைதான். மற்றப் பாதியைப் பற்றி இன்று பேசுவோம்.

புளிக்கும் பொருள் எதுவானாலும், அதைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். தயிரில் வேலை செய்வது ஒருவகைப் பாக்டீரியா. ரொட்டி மாவிலும் கள்ளிலும் பீரிலும் முக்கியமாக வேலை செய்வது ஈஸ்ட். இது காளான் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர். ஒரே ஓர் உயிரணுதான் அதன் முழு உடல். அதன் பக்கத்தில் ஒரு சிறு மொட்டு அரும்பும். மொட்டு வளர்ந்து பிரிந்து இன்னோர் ஈஸ்ட் ஆகும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சாராயச் சத்தையும் வெளிவிடும். வாயு, ரொட்டியை உப்ப வைக்கிறது. சாராயச் சத்து, பீரைப் பீர் ஆக்குகிறது.

இந்த உண்மையை அறிவதற்கு மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் 1516ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. பீருக்குப் பார்லி, ஹாப்ஸ் என்னும் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதில் ஈஸ்டின் பெயரே இல்லை. பீர் காய்ச்சியவர்கள் பழைய பீப்பாயின் வண்டலை எடுத்துப் புதிய பீப்பாயில் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த வண்டலுக்கு உயிர் உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. 1680இல் ஹாலந்து நாட்டு லீவன்ஹுக் தம் கையால் செய்த கண்ணாடி வில்லையில் ஈஸ்டைப் பார்த்தார். சிறு சிறு உருண்டைகள் தெரிந்தன; அவை உயிர்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை. 1857க்குப் பிறகு பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர்தான், புளிப்பது என்பது உயிர்களின் வேலை என்று ஐயமில்லாமல் நிலைநாட்டினார். 1876இல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

பழைய பானையிலிருந்து எடுத்த ஈஸ்டை மனிதர் எவ்வளவு பாடுபட்டுக் காத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கப்சன் என்பவர் 1845ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து நல்ல ஈஸ்டை இரண்டு குடுவைகளில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். பயணமோ குதிரை வண்டியில். வெப்பம் ஏறினால் ஈஸ்ட் கெட்டுவிடும். ஆகவே வண்டி நின்ற இடங்களிலெல்லாம் இறங்கி, குடுவைகளின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். இரண்டாண்டு கழித்து, 1847இல், கார்ல்ஸ்பெர்க் ஆலையைத் தொடங்கினார்.

பல ஆண்டுகள் சென்றபின், அந்த ஆலையின் பீர் கசந்து கெடத் தொடங்கியது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த எமில் ஹான்சன் காரணத்தைக் கண்டுபிடித்தார். எடுத்து வைத்த ஈஸ்டுடன் காற்றிலிருந்து வந்த காட்டு ஈஸ்டும் கலந்துவிட்டது. பானைக்குப் பானை நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே பெருகியது. 1883இல் ஹான்சன் ஒரே ஒரு நல்ல ஈஸ்டைத் தனியே பிரித்து, அதிலிருந்து பெருக்கி, தூய ஈஸ்டைப் படைத்தார். யாக்கப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை; மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமலே இந்தக் கலையைக் காத்தவர்களும் உண்டு. நார்வே நாட்டின் மேற்குப் பகுதி விவசாயிகள் பண்டிகைக்கும் அறுவடைக்கும் வீட்டிலேயே பீர் காய்ச்சினார்கள். அவர்களுடைய வீட்டு ஈஸ்டுக்கு 'குவெய்க்' என்று பெயர். பீர் புளித்து முடிந்ததும், சிறு மரத்துண்டுகளைக் கோத்த ஒரு வளையத்தை ஈஸ்ட் குழம்பில் தோய்த்து உலர்த்தித் தொங்க விடுவார்கள். சிலர் துணியில் தடவிக் காய வைப்பார்கள். மாதக் கணக்கில் அது தூங்கும். அடுத்த முறை வளையத்தைப் பானைக்குள் போட்டால் விழித்துக்கொண்டு வேலை செய்யும். மற்ற பீர் ஈஸ்டுகள் பெரும்பாலும் 20 பாகை வெப்பத்தை விரும்ப, குவெய்க்கோ 30 முதல் 40 பாகை வரை தாங்கும். ஈஸ்டைப் பானையில் விடும்போது உரக்கக் கூவும் வழக்கமும் சில ஊர்களில் இருந்தது. கூவினால் பீருக்கு வலிமை வரும் என்பது நம்பிக்கை. ஒரு வீட்டு ஈஸ்ட் கெட்டுவிட்டால் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்குவார்கள்!

"ஆத்தா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?" என்று லயத்தில் பக்கத்து வாசலில் கிண்ணத்தை நீட்டுவோமே, அதேதான்.

நம் அண்டை அயலிலும் இந்தக் கலை உண்டு. மலாய்க்காரர் வீட்டுத் தப்பாய் பலகாரத்துக்குச் சந்தையில் வெள்ளை வில்லைகள் விற்கிறார்கள். அதன் பெயர் ராகி. பெயரைக் கேட்டு நம் கேழ்வரகு என்று எண்ணிவிடாதீர்கள். அது அரிசி மாவில் பூஞ்சணத்தையும் ஈஸ்டையும் வளர்த்துக் காய வைத்த வில்லை. நார்வேக்காரரின் வளையமும் சந்தை ராகியும் ஒரே தந்திரந்தான்: உலர்த்தினால் அந்த உயிர் தூங்கும், நனைத்தால் எழும்.

தென்னை ஏறுகிறவர்களும் இதை அறிவார்கள். கள் இறக்கும் கலயத்தில் நேற்றைய கசடு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்றைய சாறு விரைவில் பொங்கிக் கள்ளாகிவிடும். அதே கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் வேலை செய்யாது. இனிப்பான பதநீர் கிடைக்கும். சாறு ஒன்றே, கலயத்தில் எதை விட்டு வைக்கிறோம் என்பதே வேறுபாடு. கள் விட்டுப் புளிக்க வைத்த மாவில் ஆப்பம் மெத்தென்று வருவதும் இந்த ஈஸ்டால்தான்.

சரி, எடுத்து வைப்பதில் என்ன முறை இருக்கிறது? வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் ஈஸ்டை எப்படிக் காக்கிறார்கள் என்று பார்ப்போம். பீரை வடித்தபின் அடியில் தங்கிய குழம்பைக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கலக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் விடுகிறார்கள். சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடுக்கடுக்காகப் பிரியும். அடியில் கனத்த கசடும் செத்த ஈஸ்டும் தங்கும், நடுவில் பாலாடை போன்ற வெளுத்த அடுக்கு, மேலே நீர். நடு அடுக்கே நல்ல ஈஸ்ட். அதை வேறு சுத்தமான குப்பியில் மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு வாரத்துக்குள் பயன்படுத்துகிறார்கள். மூடியை இறுக்குவதில்லை. தூங்கும் ஈஸ்டும் கொஞ்சம் வாயு விடும். இறுக்கி மூடிய கண்ணாடிக் குப்பி வெடித்துவிடலாம். ஒரே ஈஸ்டை முடிவில்லாமல் ஓட்டுவதும் இல்லை. சில தடவைக்குப் பிறகு, மணமோ சுவையோ மாறினால், கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள்.

இந்த முறையில் உள்ள பாடங்களை நம் தயிர்ச் சட்டிக்குக் கொண்டு வருவோம்.

முதலாவது, உறைக்கு வேண்டியதை முதலில் எடுங்கள். எல்லாரும் சாப்பிட்டு, பல கரண்டி விழுந்து, சட்டியில் மிஞ்சியதை வழித்து உறை ஊற்றுவது பல வீட்டு வழக்கம். சோற்றுப் பருக்கையும் எச்சில் கரண்டியும் பட்ட தயிரில் வேண்டாத கிருமிகளும் சேர்ந்திருக்கும். ஹான்சன் கண்ட காட்டு ஈஸ்டின் கதைதான் இது. தயிர் உறைந்ததும், யாரும் தொடுமுன், காய்ந்த கரண்டியால் ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள்.

இரண்டாவது, சூட்டைப் பாருங்கள். பாலை நன்றாகக் காய்ச்சி ஆற விடுங்கள். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் அந்த உயிர்கள் வெந்து மடியும். சில்லென்ற பாலில் ஊற்றினால் சோம்பிக் கிடக்கும். 40 பாகை அளவு இளஞ்சூடு ஏற்றது. அளவுகோல் இல்லையே என்று கவலை வேண்டா. விரலைப் பாலுக்குள் விடாமல், கரண்டியால் ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். சுடாமல் இதமாக இருந்தால் அதுவே பதம்.

மூன்றாவது, எடுத்து வைத்ததைக் குளிரில் வையுங்கள். யாக்கப்சன் வண்டி வண்டியாக இறங்கித் தண்ணீர் ஊற்றியதை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டி இருந்தால் அதில் வைக்கலாம். இல்லையென்றால், கிண்ணத்தை அகன்ற தட்டிலுள்ள தண்ணீரில் வைத்து, நிழலில் ஈரத்துணி போர்த்துங்கள். ஆனால் அதை மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும்.

நான்காவது, கெட்டது தெரிந்தால் இரக்கம் காட்டாதீர்கள். இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு நிறம் படர்ந்தாலும், பஞ்சு போலப் பூத்தாலும், நாற்றம் அடித்தாலும் முழுவதையும் கொட்டுங்கள். மேலே பூத்ததை மட்டும் வழித்துவிட்டு அடியில் உள்ளதைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது பூ. வேர் உள்ளே இறங்கியிருக்கும். ஒரு கரண்டித் தயிரின் விலையா, பிள்ளையின் வயிறா என்று பாருங்கள். தோசை மாவில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பவர்களுக்கும் இதே விதிதான்.

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈஸ்டின் கதையைக் கேட்டு யாரும் பானை வைக்கப் புறப்பட வேண்டா. உரிமமில்லாமல் சாராயம் காய்ச்சுவது நம் நாட்டில் குற்றம். குடி, தோட்டத்துக் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை நாம் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். சம்பளம் வீட்டு அடுப்புக்குப் போக வேண்டும் என்று அன்றே போராடியவர்கள் நம் முன்னோர்கள். ஈஸ்டின் மேல் குற்றமில்லை. அது மாவையும் பொங்க வைக்கும், குடும்பத்தையும் கவிழ்க்கும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்கிறோம். இரண்டு சிறிய போத்தல்களில் இளஞ்சூடான தண்ணீர் பாதியளவு ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ரொட்டிக்குப் போடும் உலர்ந்த ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி போடுங்கள். ஒரு போத்தலில் மட்டும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேருங்கள். இரண்டின் வாயிலும் பலூனை மாட்டி, அரை மணி நேரம் விடுங்கள். சர்க்கரை உள்ள போத்தலின் பலூன் மெல்ல நிமிர்ந்து நிற்கும். மற்றது துவண்டே கிடக்கும். "ஏன்?" என்று தம்பி தங்கையரைக் கேளுங்கள். விடை சொன்னவனைப் பாட்டியிடம் அழைத்துப் போய், "நீங்கள் உறை ஊற்றும்போது சட்டிக்குள்ளே நடப்பதும் இதைப் போன்றதுதான்" என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை அறுபது ஆண்டாக நடத்தி வந்திருக்கிறார் என்பது அவனுக்கும் விளங்கும், பாட்டிக்கும் விளங்கும்.

தோட்டங்கள் துண்டாகி, லயங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கே எதிர் வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. தயிரும் கடையில் டப்பாவில் கிடைக்கிறது. ஆனாலும் எடுத்து வைத்த உறை என்றாவது ஒரு நாள் கெடத்தான் செய்யும். அன்றைக்குக் கை கொடுப்பது அடுத்த வீட்டுக் கிண்ணம். ஆகவே உங்கள் உறையைச் சுத்தமாகக் காத்து, இரண்டு வீட்டுக்குக் கொடுத்து வையுங்கள். கொடுத்தது என்றும் குறையாது. உங்களுடையது கெட்டால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.