மகாலுக்குள் ஒரு கேமரா நடை

சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி, நிலக்கோட்டை வழியாக மதுரைக்குப் போய்வருகிறவர்களுக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையம் தெரியும், பெரியாஸ்பத்திரி தெரியும். திருமலை நாயக்கர் மகால் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. அந்த மகாலைக் கேமராவோடு, விவரம் தெரிந்த ஒருவரின் பின்னால் நடந்து பார்ப்பது வேறு அனுபவம்.

பழைய கட்டடங்களைக் கூட்டமாகச் சுற்றிப் படம் எடுக்கும் வழக்கம் நம் நகரங்களில் வேர்விட்டுவிட்டது. சென்னையில் ஆகஸ்ட் மாதம், மெட்ராஸ் தினத்தை ஒட்டி இப்படிப்பட்ட நடைகள் நிறைய நடக்கின்றன. மதுரையில் 2010-இல் தொடங்கிய பசுமை நடை, சமண மலைகளுக்கும் பழைய ஊர்களுக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்துப்போனது. அந்த இடத்திலேயே தொல்லியல் அறிஞர் நின்று விளக்கம் சொல்ல, கேட்டுவிட்டு மக்கள் படம் எடுத்தார்கள். கேட்டபின் எடுப்பது என்ற அந்த வரிசைதான் முக்கியம்.

மகாலில் முதல் கேள்வியே தூண்தான். கருங்கல் என்று நினைத்துப் படம் எடுப்பவர் பலர். உண்மையில் அது செங்கல் கட்டுமானம்; மேலே சுண்ணாம்புச் சாந்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த மெருகு. இது தெரிந்தவர் மேலே அண்ணாந்து பார்ப்பதோடு நிற்கமாட்டார். சாந்து பெயர்ந்த இடத்தைத் தேடிப்போய், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பார். காதலர்கள் கிறுக்கிவைத்த பெயர்களும் அதே வெளிச்சத்தில்தான் பளிச்சென்று தெரியும். அதையும் எடுக்கத்தான் வேண்டும்.

இங்கே முதலில் கேமரா வைத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. 1858-இன் தொடக்கத்தில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தார். ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள மெழுகுக் காகிதம்தான் அவருடைய பிலிம். வெயில் பார்த்து, நிமிடக்கணக்கில் காத்திருந்து ஒரு படம். அவர் கண்டது சிதிலமடைந்த மகால். விரைவிலேயே ஆளுநர் ட்ரெவெல்யன் அவருடைய புகைப்பட வேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். சிக்கனம்தான், ஆனால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால், பழுதுபார்ப்பதற்கு முந்திய மகாலின் கோலம் இன்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

நல்ல வழிகாட்டி ட்ரைப் படத்தின் நகலைக் கையில் வைத்திருக்கலாம். அவர் நின்ற இடத்தில் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து அதே கோணத்தில் எடுக்கச் சொன்னால், எது அன்றைய கட்டுமானம், எது பின்னால் வந்தது என்று கண்ணே பிரித்துக்கொள்ளும். நூறு படம் சுட்டுத்தள்ளுவதைவிட இந்த ஒன்று மேல்.

இத்தகைய நடைகளில் ஒரு குறை உண்டு. வழிகாட்டிகள் மன்னர் கதையை விரித்துச் சொல்வார்கள். பிறகு ஒரே தாவலில், இங்கே படமாக்கிய ‘பம்பாய்’ படத்துப் பாட்டுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் இது அரசாங்கக் கட்டடமாக இருந்த காலம் காணாமல்போகிறது. ஆளுநர் நேப்பியர் காலத்தில் ராபர்ட் சிஷோம் இதைப் பழுதுபார்த்த பிறகு, பல பத்தாண்டுகள் இங்கே நீதிமன்றம் நடந்தது. திண்டுக்கல் 1985-இல்தான் தனி மாவட்டமானது. அதுவரை நம் பக்கத்துக்கும் மதுரைதான் மாவட்டத் தலைநகர். வரப்புத் தகராறும் சொத்து வழக்குமாக ஆத்தூர், செம்பட்டி வட்டாரத்து ஆட்களும் இந்தத் தூண்களுக்கு நடுவே வாய்தா கேட்டுக் காத்திருந்திருப்பார்கள்.

அடுத்த நடைக்குப் போகிறவர்கள், கோர்ட்டு காலத்து மகாலைக் கண்ட தாத்தா யாராவது ஊரில் இருந்தால் அவரையும் அழைத்துப்போகலாம். எந்த வழியாகக் கூப்பிட்டார்கள், எங்கே உட்காரவைத்தார்கள் என்று அவர் கைநீட்டிக் காட்டும் இடங்களில் கேமராவைத் திருப்பினால், எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இல்லாத படங்கள் கிடைக்கும்.