கடன் நம் பேரில். விலை யார் கையில்?

(உறையூரில் நடைபெற்ற பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பெண் தொழில்முனைவோர்" என்ற பட்டம் இன்று நம் தெருக்களுக்கும் வந்துவிட்டது. குழுவாகச் சேர்ந்து பாங்கியில் கையெழுத்துப் போட்டால் போதும், பட்டம் கிடைத்துவிடுகிறது. அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறோம்: நாம் செய்யும் சரக்குக்கு விலை வைப்பது யார்?

நம் உறையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேலை தறியை விட்டு இறங்குவதற்குள் எத்தனை வேலை! நூலைப் பிரிக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும், பாவுக்குக் கைகொடுக்க வேண்டும், அறுந்த இழையை முடிய வேண்டும். இவற்றில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. கூலிக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதோ தறியில் உட்கார்ந்தவரின் பேர்தான். சர்க்கார் எடுத்த 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். ஆனாலும் "நெசவாளி" என்றதும் ஆண் முகம்தானே நம் கண்முன் வருகிறது?

சுருட்டின் கதையும் இதுதான். 1887-ல் வெளிவந்த இங்கிலீஷ் துப்பறியும் கதை ஒன்றிலே திருச்சிச் சுருட்டின் சாம்பல் வருகிறது. சுருட்டைச் சுற்றிய கை வரவில்லை!

அந்தக் கையைச் சட்டத்தின் கண்ணுக்குக் காட்டியது போராட்டம். 1966-ல் நிறைவேறிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டம் பிற்பாடு 2020-ம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது வேறு விஷயம்.

எல்லைக்கு அப்பாலும் ஒரு பாடம் இருக்கிறது. பாகிஸ்தானில் 1989-ல், பேநசீர் பூட்டோ பிரதமராக இருந்தபோது, பெண்களுக்கென்றே ஒரு பாங்கி திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் கண்ணாடி வளையலின் வாயை வீட்டுக்குள்ளேயே தீயில் ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பாங்கி மட்டும் போதவில்லை. அவளுக்குச் சரக்குக் கொடுப்பவன் தரகன். டஜனுக்கு இவ்வளவு என்று சொல்பவனும் அவனே. புகை அவள் கண்ணுக்கு, லாபம் அவன் பைக்கு. இந்த வளையல்காரிகளும் கராச்சியின் தையல்காரிகளும் சங்கமாகத் திரண்டார்கள். வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2018-ல் சிந்து சட்டசபை வீட்டிலிருந்து உழைப்போருக்கான சட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளியாகப் பதிவு செய்துகொள்ளவும் சங்கம் சேரவும் உரிமை கிடைத்தது. சட்டம் வந்த மறுநாளே உலை கொதித்துவிடவில்லை. பதிவுக்காக மேலும் அலைய வேண்டியிருந்தது. ஆனால் "வீட்டில் சும்மா இருக்கிறவள்" என்ற பேச்சு அடிபட்டுப் போயிற்று. சமூக மாற்றம் என்று பெரிய மனிதர்கள் மேடையில் சொல்கிறார்களே, அது இந்த மாதிரி இடத்தில்தான் தொடங்குகிறது.

அகமதாபாத்தில் 1972-ல் சேவா சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, "முதலாளி யார்? முதலாளி இல்லாமல் சங்கம் எதற்கு?" என்று அதிகாரிகள் தயங்கினார்கள். பெண்கள் விடவில்லை. சங்கம் பதிவாயிற்று. 1974-ல் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, 4,000 பேர் சேர்ந்து சொந்தக் கூட்டுறவு பாங்கியையும் தொடங்கினார்கள். முதலில் சங்கம், பிறகு பாங்கி. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் எத்தனையோ பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தன. அது சாமான்ய வெற்றியல்ல. ஆனால் குழுவின் வாசலில் தனியார் கடன் கம்பெனிகளும் வந்து நின்றன. வாரத் தவணை நாளில் பக்கத்து வீட்டுக்காரியே நம்மைக் கண்டு முகம் திருப்பும் நிலை வந்தது. பலவந்த வசூலைத் தடுக்க 2025-ல் சட்டசபை தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. கடன் நம் பேரில் இருக்க, விலை வேறொருவர் கையில் இருந்தால், நஷ்டம் மட்டும் நம்முடைய சொந்தத் தொழில் ஆகிறது!

ஆகவே நாம் கேட்பது இரண்டு. தார் சுற்றுகிறவளின் பேரும் கூலிக் கணக்கில் ஏற வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் அவளும் அங்கத்தினராக வேண்டும்; விலை பேசும் இடத்தில் அவளுக்கும் ஆசனம் வேண்டும்.

வருகிற கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புத்தகத்தையும் கூலிச் சீட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்போம்.