மடிக்கணினியும் மூச்சுவிட வேண்டும்



திருவனந்தபுரத்தில் பழவங்காடிக் கணபதி கோயிலின் முன்பு, காலையிலும் மாலையிலும் தேங்காய் உடைபடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் சாலைக் கடைவீதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் நிறுவிய அங்காடி அது. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து வாணிகம் செய்யும் தமிழரை அங்கே இன்றும் காணலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது இடையே எல்லை ஒன்று தோன்றியது. ஆயினும், கொள்வினை கொடுப்பினை இன்றளவும் தொடர்ந்து நடந்துவருகிறது. அத்தகைய குடும்பங்களுள் ஒன்று எங்களுடையது. பழவங்காடிக்கு அருகே, மாடியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் வசிக்கிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள், விளையாடும்போது மடிக்கணினி அளவுக்கு மீறிச் சூடாவதும் அதைத் தணிக்கும் முறையும் ஆகும். இது பிள்ளைகளின் விஷயம், பெரியோர் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் இல்லத்தில் இது பெரியோரின் விஷயமாகவே முடிந்தது.

எங்கள் மகன் இங்கே பொறியியல் கல்லூரியில் பயில்கிறான். அவனுடைய படிப்புக்காகத் தவணை முறையில் ஒரு மடிக்கணினி வாங்கினோம். பகலில் அது பாடத்துக்கு உதவும். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளையாட்டுக்கு உதவும். தென்காசியில் இருக்கும் மாமன் பிள்ளைகளும், நாகர்கோவிலில் உடன்படித்த நண்பர் சிலரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியே ஒன்றுகூடி ஒரே களத்தில் ஆடுவார்கள். சென்ற மார்ச்சு மாதத்தில் தொல்லை தொடங்கியது. ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம் ஆவதற்குள் உள்ளிருக்கும் விசிறி இரையத் தொடங்கும். திரையில் ஓடும் உருவங்கள் திக்கித் திக்கி நகரும். விசைப்பலகையின் மேற்பகுதியில் விரல் வைக்க முடியாது. ஒருநாள் இரவு இயந்திரம் தானாகவே அணைந்துவிட்டது. மறுநாள் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையின் கடைசிப் பகுதி சேமிக்கப்படாமல் அதனோடு அழிந்தது.

“இனி இந்த வீட்டில் விளையாட்டு என்ற பேச்சே கூடாது” என்று கட்டளையிட்டோம். ஆத்திரத்தில் பிறந்த கட்டளை அது. அது நீதியானதுதானா என்று அன்று நாங்கள் யோசிக்கவில்லை.

முதலில் ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். அவர்கள் மூடியைத் திறந்து பாராமலே, தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை ஏறக்குறைய இயந்திரத்தின் பாதி விலை. தவணையே இன்னும் தீரவில்லை. ஆகவே மனம் சோர்ந்து திரும்பினோம். வரும் வழியில் சாலைத் தெருவின் கிளைச் சந்து ஒன்றில், எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சிறிய மேஜை போட்டுக் கணினி பழுதுபார்ப்பதைக் கண்டு நின்றோம்.

“அண்ணாச்சி, பலகை போய்விட்டதாம். உண்மைதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றோம்.

அவர் இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, காற்று வெளியேறும் பிளவுக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் மகனைப் பார்த்து, “தம்பி, இதை எங்கே வைத்து விளையாடுகிறாய்?” என்று கேட்டார்.

“கட்டிலில், மெத்தைமேல்தான் மாமா.”

“பூஜை அலமாரியும் அதே அறையில்தானா?”

“ஆமாம்.”

அவர் அடிமூடியைக் கழற்றி, விசிறிக்கும் அதன் வாயிலில் நிற்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையை இடுக்கியால் உருவி எடுத்தார். கம்பளித்துணியிலிருந்து கத்தரித்தது போல் இருந்தது அது. மெத்தைப் பஞ்சின் இழையும், தெருப்புழுதியும், சாம்பிராணிப் புகையும், விளக்கெண்ணெய்ப் பிசுக்கும், இவ்வூர்க் காற்றின் ஈரமும் சேர்ந்து அதை நெய்திருந்தன. “உங்கள் பலகைக்கு ஒன்றுமில்லை, அண்ணாச்சி. இது மூச்சுவிட முடியாமல் தவித்திருக்கிறது” என்றார் அவர்.

இனி, இந்த மூச்சின் இரகசியத்தைச் சற்று ஆராய்வோம். கணினி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. கடிதம் எழுதும்போது ஒரு மடிக்கணினி பத்து அல்லது பதினைந்து வாட் மின்சாரமே கொள்ளும். அதிலேயே கனத்த விளையாட்டை ஓட்டினால், விளையாட்டுக்கென்று அமைந்த கணினிகளில் அது 100 வாட்டைத் தாண்டி 200 வாட் வரையும் செல்லக்கூடும். முன்னாளில் நம் வீடுகளில் எரிந்த 100 வாட் குமிழ் விளக்கு எவ்வளவு சுட்டது என்பதை நினைவுகூருங்கள். அத்தகைய விளக்கு ஒன்றையோ இரண்டையோ ஒரு புத்தகத்தின் பருமனுள்ள பெட்டிக்குள் ஏற்றிவைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

இவ்வெப்பத்தைக் கடத்த உள்ளே செப்புக் குழாய்கள் உள்ளன. வெப்பக்குழாய் என்பது அவற்றின் பெயர். அமெரிக்காவில் ரிச்சர்டு காக்லர் என்பவர் 1944இல் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1963இல் லாஸ் ஆலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியே கண்டு வளர்த்தார். அதன் தத்துவத்தை நம் இல்லத்தரசியர் நாள்தோறும் இட்லிப் பானையில் காண்கிறார்கள். அடியில் நீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி மேலே சென்று மூடியைத் தொட்டதும், தான் சுமந்த வெப்பத்தை மூடிக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிச் சொட்டுகிறது. வெப்பக்குழாயிலும் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே காற்றை நீக்கி அழுத்தத்தைக் குறைத்திருப்பதால், அந்த நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிறது. செயலியின் அருகே ஆவியாகி, தகடுகளின் அருகே குளிர்ந்து, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே திரும்பி வருகிறது. தகடுகளுக்கு வந்த வெப்பத்தை விசிறி வெளியே தள்ள வேண்டும். அத்தகடுகளின் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதில் தூசு அடைத்துக்கொண்டால், குழாய் கொண்டுவந்த வெப்பம் வாசலிலேயே தேங்கி நிற்கும்.

அப்போது செயலி என்ன செய்கிறது? பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகளுக்குச் சுமார் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையில் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை நெருங்கியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் உருவங்கள் திக்கியதன் காரணம் இதுவே. அதற்கும் வெப்பம் அடங்காவிடில் இயந்திரம் அணைந்துவிடும். ஆகவே, நாங்கள் நோய் என்று எண்ணியது உண்மையில் தற்காப்பே ஆகும்.

வெளியூர்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊரின் தட்பவெப்பத்தையும் கருத வேண்டும். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த நிலையை எந்த விசிறியாலும் ஒரு கணினிக்கு அளிக்க இயலாது. அறையின் வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்று பல உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். நாகபுரியிலும் தில்லியிலும் கோடைக்காலத்தில் அந்த வரம்பு பட்டப்பகலில் எளிதாகக் கடக்கப்படுகிறது. அங்கு வாழ்வோர் கனத்த ஆட்டங்களை இரவுக்கோ விடியலுக்கோ ஒதுக்குவது நலம். எங்கள் ஊரிலோ வெப்பத்தைவிட ஈரமே மிகுதி. ஈரக்காற்று வியர்வையை உலரவிடாது. ஆகையால் மனிதருக்குப் புழுக்கம். கணினிக்கு வியர்வை இல்லை. எனவே ஈரத்தால் அதற்கு நேரடிப் புழுக்கம் இல்லை. ஆனால் அந்த ஈரம் தூசியைப் பிசைந்து அடையாக்கிவிடும்.

இனி, செய்யத்தக்கவற்றைச் செலவின் வரிசையில் கூறுவோம்.

முதலாவது, செலவே இல்லாதது. மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றில் வைத்து ஆடுவதை விட்டொழிக்க வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்புறத்தின் வழியே காற்றை உள்ளிழுக்கின்றன. மெத்தை அந்த வழியை அடைத்துவிடும். சமமான மேஜைமேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். தடித்த புத்தகம் ஒன்று போதும். காற்றுத் துளைகளை மட்டும் அது மறைக்கலாகாது. சுவரையொட்டி வைத்தால் வெளியேறிய சூடே மீண்டும் உள்ளே போகும். ஆகவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேஜைவிசிறி வைத்தால், சூடு வெளியேறும் திசைக்கு எதிராக அது வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதும் செலவில்லாததே. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில், ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் தோன்றவேண்டும் என்பதற்கு வரம்பு கட்டலாம். கண்ணுக்கு 60 படம் போதுமாக இருக்கையில், இயந்திரம் 140 படம் தீட்டி உழைப்பதில் பயனில்லை. வரம்பு கட்டினால் வரைகலைச் செயலியின் சுமை வெகுவாகக் குறையும். நிழல்களின் நுணுக்கத்தையும் ஒரு படி தாழ்த்தலாம். விண்டோஸ் கணினிகள் பலவற்றில், மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்சநிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால், அது மிகைவேகத்துக்குத் தாவுவது நிற்கும். ஒரு சதவீதம் குறைத்ததற்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதைவிடப் பன்மடங்கு இருப்பதைக் காண்பீர்கள்.

மூன்றாவது, சிறு செலவுடையது. ஆண்டுக்கு ஒருமுறையேனும், தூசு மிகுந்த தெருவில் வாழ்வோர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உட்புறத்தைத் தூய்மை செய்விக்க வேண்டும். உத்தரவாதக் காலம் தீரவில்லையானால், மூடியைத் திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். காற்றூதியால் ஊதும்போது விசிறியின் இதழ் சுழலாதபடி ஒரு குச்சியால் மெல்லத் தடுத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகள் சென்றபின், செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே பூசப்படும் வெப்பப்பசை உலர்ந்துபோகும்; அதையும் மாற்றுவிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் சூடு அடங்காவிட்டால், பலகையைப் பற்றிய பேச்சை அப்போது எடுக்கலாம்.

செய்யத்தகாதவையும் சில உண்டு. பனிக்கட்டி வைப்பது, ஈரத்துணி போர்த்துவது, குளிர்பெட்டிக்குள் வைப்பது ஆகியவை உள்ளே நீர் கோத்துப் பெருங்கேடு விளைவிக்கும். அன்றியும், தொடர்ந்த சூடு மின்கலத்தை மூப்படையச் செய்யும். கணினியின் அடிப்புறம் உப்பியிருந்தாலோ, சுட்டுவிரல் தடவும் பலகை மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, மின்கலம் வீங்கியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். உடனே அணைத்துவிடுங்கள், மின்னேற்றம் செய்யாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். அது தீப்பற்றக்கூடியது. விளையாட்டையும் படிப்பையும்விட உயிர் பெரிது.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். அண்ணாச்சி தூசகற்றிப் புதுப்பசை பூசித் தந்தார். அவர் பெற்ற கூலி, முன்பு கேட்கப்பட்ட தொகையில் மிகச் சிறு பகுதியே. அன்றிரவு கணினியை மேஜைமேல் ஏற்றிப் புத்தகத்தை முட்டுக்கொடுத்து, மகனை ஆடிப்பார்க்கச் சொன்னோம். சூட்டைச் சோதிப்பதற்காக நாங்களும் அருகே அமர்ந்தோம். ஒரு மணி நேரம் கடந்தும் திக்கல் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் வேறொன்றும் எங்கள் செவியில் விழுந்தது. “ஏலே, இந்தப் பக்கம் வா”, “மச்சான், நான் பார்த்துக்கிடுதேன்”, “ஆச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் குரல்கள் வந்தன. எங்கள் மகன் அதே பேச்சில் மறுமொழி சொன்னான். கல்லூரியில் அவனுக்கு மலையாளமும் ஆங்கிலமும். வீட்டில் எங்களோடு அளந்து பேசும் சில சொற்கள். ஒத்த வயதினரோடு அவன் வாய்விட்டுப் பேசும் தமிழ் இந்த விளையாட்டுக்குள்தான் இருந்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி மிகுந்திருப்பதை எங்களுக்கு முன்பே அவன் அறிந்திருந்தான். சினத்தில் நாங்கள் அறுக்கப் பார்த்தது அந்த உறவைத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆட்டத்துக்குக் கால எல்லை வகுத்திருக்கிறோம், அது அவசியமே. ஆனால், “விளையாடினாய், ஆகையால் கெட்டது” என்ற பழிச்சொல்லை இப்போது நாங்கள் சொல்வதில்லை. பிற மாநிலங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களே, உங்கள் வீட்டு மடிக்கணினி அடுத்தமுறை இரைந்து சுடும்போது, பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் இயந்திரத்தைத் தூக்கி அதன் அடிப்புறத்தை ஒருமுறை பாருங்கள். காற்று வழி அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். பிறகு, பத்து நிமிஷம் பிள்ளையின் அருகே அமர்ந்து, எதிர்முனையில் பேசுவோர் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள்.